ராட்டினத்துப் பக்கத்துக் கொடி

உயிரோடு இருக்கிற பெண்ணுக்குக் கருமாதி செய்த மனுஷன், அந்தப் பெண் குடியிருக்கிற ஊருக்கே சுற்றிப்பார்க்கக் கிளம்பினால் யார் நம்புவார்கள்? நெய்வேலிப் பக்கத்து வடக்குத்து ஊரில் முதலில் யாரும் நம்பவில்லை. நம்பிய பிறகும் யாரும் வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியாதபடி அவரே ஒரு பூட்டுப் போட்டு வைத்திருந்தார். அந்த வீட்டில், அந்த வாசலில், அவர் காதுபட எங்கேயும் மகள் பவித்ராவின் பேரைச் சொல்லக்கூடாது. பேரையே சொல்லக்கூடாது என்றால் அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? ஆகவே, தெருவுக்கே தெரிந்த சங்கதி தெய்வசிகாமணிக்கு மட்டும் தெரியாது என்று தெரு நினைத்துக்கொண்டிருந்தது. அவர் மனைவி விருத்தாம்பாளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தெய்வசிகாமணி சுரங்கத்தில் பிளாஸ்டிங் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கிற மண், சில இடங்களில் பாறையாக இறுகிக் கிடக்கும். அங்கே துளை போட்டு, மருந்து வைத்து, வெடித்து இளக்கிக் கொடுத்தால்தான் பெரிய சக்கர மெஷின் வந்து அள்ள முடியும். வெடிக்கிற இடத்தின் நாலு மூலையிலும் சிவப்புக் கொடி நட வேண்டும். நட்டுவிட்டால் உள்ளே ஈ காக்கை போகக்கூடாது. வெடித்த பிறகும் உடனே யாரும் போய்விட முடியாது. வெடிக்காமல் மண்ணுக்குள் தங்கிவிட்ட மருந்து ஒன்றிரண்டு இருக்கும். அதனால் ஒரு பக்கத்துக் கொடியை மட்டும் எடுத்துவிட்டு, ஃபோர்மேன் தன்னந்தனியாக உள்ளே போய்ப் பார்ப்பார். எல்லாம் சரி என்று அவர் கையைத் தூக்கிக் காட்டினால்தான் மற்றவர்களுக்கு வழி. இதையெல்லாம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லிச் சொல்லி, சுரங்கத்தை எட்டிப் பார்க்காத விருத்தாம்பாளுக்கே வெடிவைக்கத் தெரிந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசுவார்கள்.

வியன்னா இந்த வீட்டுக்குள் நுழைந்தது 1997-ல். அங்கே ஒரு தொழிற்சாலையில் துளை போடும் மெஷின் தயாராகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு வர இரண்டு பேரை அனுப்புவதாக இருந்தார்கள். ஒருவர் தெய்வசிகாமணி. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கெங்கோ சொல்லிவைத்து அந்த ஊர் வரைபடம் ஒன்றை வரவழைத்து, ஆறு வயசுப் பவித்ராவை மடியில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக விரல் ஓட்டினார். இது அரண்மனை, இது ஸ்டீபன் கோயில், இது டான்யூப் ஆறு. பிள்ளைக்கு அரண்மனை பிடிக்கவில்லை. ஓரமாகப் படம் போட்டிருந்த ராட்டினத்தைத்தான் பிடித்தது. ரயில் பெட்டி மாதிரி சிவப்புச் சிவப்பாகப் பெட்டி தொங்கும் பெரிய ராட்டினம்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது பவித்ராவுக்கு அம்மை போட்டது. அம்மை போட்ட வீட்டிலிருந்து மூன்றாம் தண்ணி ஊற்றும்வரை யாரும் வெளியூர் போவதில்லை. போகலாம் என்று ஆபீசில் ஆயிரம் சொன்னார்கள். பிள்ளைக்கு வேப்பிலை விசிற நீதான் வேணுமா என்று சிரித்தார்கள். அவர் போகவில்லை. டிரில்லிங் செக்ஷன் கருணாகரன் அவருக்குப் பதிலாகப் போய்வந்தான். இவர் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து வேப்பிலையால் விசிறிக்கொண்டே, "ஒடம்பு நல்லாவட்டும் கண்ணு. ஒன்ன அந்த ராட்டினத்துல நானே ஏத்தறேன்" என்று சொன்னார். அழுத பிள்ளை அழுகையை நிறுத்தியதை விருத்தாம்பாள் தன் கண்ணால் பார்த்தாள்.

அந்த மனுஷன்தான் பதினாறு வருஷம் கழித்துக் குளத்தங்கரையில் மொட்டையடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பவித்ரா, கூடப் படித்த இளவழகனைக் கல்யாணம் செய்துகொண்டாள். இளவழகனின் அப்பா பெரியண்ணன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலி. அதற்கு முந்தைய தலைமுறையில் தெய்வசிகாமணியின் அப்பா நிலத்தில் நடவு நட்ட குடும்பம். சாதி வேறு. அது போதாதா? பங்காளிகள் கூடினார்கள். தலைமுழுகிவிடு என்றார்கள். தெய்வசிகாமணி தலைமுழுகியதோடு நிற்கவில்லை. பதினாறாம் நாள் காரியம்வரை செய்து ஊரைக் கூட்டிச் சோறு போட்டார். வடை பாயசத்தோடு. ஒற்றைப் பெண்ணைப் பெற்ற விருத்தாம்பாளையும் பந்தியில் உட்காரவைத்தார்கள். அவள் தின்றாள். தின்னாமல் எழுந்தால் அந்தப் பையன் வீட்டுக்குத் தீ வைத்துவிடுவார்கள் என்று பயந்து தின்றாள். அந்தப் பாயசத்தின் இனிப்பு இன்றைக்கும் அவள் தொண்டையில் கசந்துகொண்டிருக்கிறது.

அடுத்த வருஷம் இளவழகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. இரண்டு மூன்று ஊர்களில் வாய்ப்பு இருந்ததாம். பவித்ராதான் வியன்னா என்று பிடிவாதம் பிடித்தாளாம். ஏன் என்று விருத்தாம்பாளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது. தமிழ்நிலா. விருத்தாம்பாள் பேத்தியைப் பார்த்ததெல்லாம் பக்கத்துத் தெரு சின்னம்மாளின் தையல் கடையில்தான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரவிக்கை அளவு கொடுக்கப் போகிறேன் என்று போவாள். தொங்குகிற பாவாடைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து சின்னம்மாளின் போனில் மகளோடு பேசுவாள். இத்தனை ரவிக்கை தைக்கிற பெண்பிள்ளை ஊரிலேயே இல்லை என்று சின்னம்மாள் சிரிப்பாள்.

2017 மாசி மாதம் ஒரு காலை, விருத்தாம்பாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது தெய்வசிகாமணி வந்து நின்றார்.

"விருத்தா, வியன்னா போறோம்."

"எங்கங்க?"

"வியன்னாடி. அந்தக் கருணாகரன் போயிட்டு வந்து இருவது வருசமா பீத்திகினு கீறானே, அந்த ஊரு. கடலூர்ல டிக்கெட் போட ஆள் பாத்துட்டேன். அஞ்சு நாளு. நான் மட்டும் ஏன் பாக்கக்கூடாது?"

அவள் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். பிறகு பயத்தில் அழுதாள். தெருவில் யாராவது வாய் தவறி உளறிவிட்டால்? அவர் பயணத்தையே கிழித்துப் போட்டுவிடுவார். நாலு வருஷமாக அவள் சபித்துக்கொண்டிருந்த அந்த வாய்ப்பூட்டு, இன்னும் மூன்று மாசம் உடையாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட வேண்டிய நிலைமை வந்தது. என்ன பிழைப்பு இது என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது.

சாப்பாட்டு மேஜையின் கண்ணாடிக்கு அடியில் அந்தப் பழைய வரைபடம் விரிந்தது. அதன்மேல் மெல்லிய தாளை ஒட்டி, அதில் கலர் பென்சிலால் தெய்வசிகாமணி திட்டம் போட்டார். அவர் திட்டம் என்றால் ஷிஃப்ட் கணக்கில்தான்.

"காலைல ஆறு மணிக்கு ஏ ஷிஃப்ட். அரண்மனை. ரெண்டு மணிக்கு பி ஷிஃப்ட். கோயிலு, மியூசியம். பத்து மணிக்கு ரூமுக்கு வந்து படுக்கறோம்."

"ஆறு மணிக்கு அரண்மனைய எவங்க தொறந்து வெச்சிருப்பான்?"

"தொறக்கற வரைக்கும் வெளிய நின்னு பாப்போம். வெளியவும் அழகாத்தான் இருக்கும்."

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். விருத்தாம்பாளுக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு மணி நேரம். அஞ்சு நாளில் ஒரு மணி நேரம் அவர் கண்ணில் படாமல் கிடைத்தால் போதும், மகளைத் தொட்டுப் பார்த்துவிடுவாள், பேத்தியைத் தூக்கி முகர்ந்துவிடுவாள். மனுஷன் அந்த ஒரு மணியை எங்கேயும் விட்டுவைக்கவில்லை.

"முட்டி வலிக்குதுங்க. ஒரு மத்தியானம் நான் ரூமுலயே படுத்துக்கறேன்."

"அப்ப நானும் இருக்கேன். ஊரு தெரியாத ஊருல ஒன்னத் தனியா வுட்டுட்டுப் போவனா?"

"சரி, ஒரு நாளு கடைத்தெருவுக்கு மட்டும் நான் போயிட்டு வரேன்."

"நீயா? நெய்வேலி பஸ்ஸுல ஏறி குறிஞ்சிப்பாடில எறங்கினவதான நீ? டிராம்ல ஒன்ன ஏத்திவுட்டா ரஷ்யாவுலதான் போயி தேடணும்."

அவர் அக்கறையாகத்தான் சொன்னார். அந்த அக்கறையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கத்தினால் பதிலுக்குக் கத்தலாம், பாசத்தை என்ன செய்வது?

செவ்வாய்க்கிழமை தையல் கடையில் பவித்ரா வழி சொன்னாள். "அம்மா, ராட்டினத்துலேர்ந்து ரெண்டு ஸ்டாப்தான் எங்க வூடு. அப்பா ராட்டினத்துக்கு வராம இருக்கமாட்டாரு. எந்த நாளுன்னு மட்டும் சொல்லு. நெலாவத் தூக்கிகினு வந்து நிக்கறேன். கிட்டகூட வரல. தூரமா நின்னு பாத்துட்டுப் போயிடறேன்மா."

பேத்தி போனுக்குள் மூக்கை நுழைத்து, "ஆயா" என்றது. விருத்தாம்பாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பார்த்தால் ராட்டினத்தின் பக்கம் ஒரு கோடுகூடப் போகவில்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று ஊர் முழுக்கக் கோடுகள் ஓடின. ராட்டினம் மட்டும் அநாதையாக நின்றது.

"ஏங்க, இந்த ராட்டினம்..."

"அதெல்லாம் பச்சப்புள்ளைங்க ஏறுறது. வேணாம்" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு உறுத்துகிறது, அதனால்தான் ஒதுக்குகிறார் என்று அவள் நினைத்தாள். நல்லபடியாகக் கேட்டால் மாறமாட்டார், ரோஷத்தைக் கிளப்பினால் மாறுவார் என்று ஒரு கணக்குப் போட்டாள். யாரிடம் போகக்கூடாதோ அவனிடமே போனாள். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸில் இருந்த கருணாகரன் வீட்டுக் கதவைத் தட்டினாள். இருபது வருஷமாக இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. பதறிப்போய் எழுந்து நின்றான் அவன்.

"என்னா அண்ணி, என்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. அவரு உங்களப் பாக்கறப்ப, ராட்டினம் ஏறலன்னா வியன்னா போனதாவே அர்த்தமில்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும்."

கருணாகரன் அவள் முகத்தையே பார்த்தான். ஊருக்கே தெரிந்தது அவனுக்குத் தெரியாதா? "அவனுக்குத் தெரிஞ்சா ஒங்களதான் கொன்னுபோடுவான் அண்ணி" என்றான். பிறகு சரி என்று தலையாட்டினான். நல்ல மனுஷன்தான். ஒரு பயணம் மாறிப்போனதற்கு அவன் என்ன செய்வான்?

மறுநாள் காலை நடை போய்விட்டு வந்த தெய்வசிகாமணி செருப்பை உதறிய வேகத்தில் ஒன்று வாசலில் கிடந்தது, ஒன்று வேலியில் கிடந்தது.

"டீக்கடையில நாலு பேருக்கு முன்னால சொல்றான்டி. ராட்டினம் ஏறாதவன் வியன்னா போனன்னு சொல்லிக்கக் கூடாதாம்! அவன் ஏறின பொட்டில நான் ஏறணுமா? அன்னைக்கு என் புள்ளைக்கு அம்ம போட்டதாலதான் அவன்..."

அங்கே நின்றுபோனார். என் புள்ளை. நாலு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. அடுத்த வார்த்தைக்காக விருத்தாம்பாள் காத்து நின்றாள். அவர் காப்பியைக் குடிக்காமல் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். ராட்டினம் திட்டத்தில் ஏறவில்லை. அவள் போட்ட கணக்கு அவள் தலையிலேயே விடிந்தது.

பயணத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தபோது, அவர் வெளியே போயிருந்த நேரம், மேஜையைத் துடைக்கப் போனாள். ராட்டினம் இருக்கிற இடத்தை ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. சின்னச் சின்னதாய், சிவப்புப் பென்சிலில், முக்கோணம் முக்கோணமாக நாலு குறி. ராட்டினத்தில் தொடங்கி நாலைந்து தெருக்களைச் சுற்றி, ஒரு மூலைக்கு ஒன்று. கலர் கோடுகள் எல்லாம் அந்த நாலு குறிக்கு வெளியிலேயே வந்து வளைந்து போயிருந்தன. ஒரு கோடு டிராம் பாதையிலேயே வந்துகொண்டிருந்தது, குறியின் கிட்டே வந்ததும் சட்டென்று திரும்பி ஒரு பெரிய சுற்றுச் சுற்றிக்கொண்டு போனது.

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த ஊர்ப் பாஷை அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அந்தக் குறி தெரியும். அவர் போட்ட பிளாஸ்டிங் பிளான் எத்தனை இந்த மேஜையில் கிடந்திருக்கிறது! அது கொடி. கொடி நட்டால் உள்ளே ஈ காக்கை போகக்கூடாது.

தைத்த ரவிக்கைகளைக் கொடுக்கச் சின்னம்மாள் அந்த நேரம் பார்த்து வந்தாள். விருத்தாம்பாள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து மேஜைமுன் நிறுத்தினாள்.

"ஒம் போனுல பவித்ரா வூடு காட்டும்ல? இதுல அது எங்க இருக்குதுன்னு பாத்துச் சொல்லு."

சின்னம்மாள் போனையும் வரைபடத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். ஆற்றைக் கண்டுபிடித்தாள், ராட்டினத்தைக் கண்டுபிடித்தாள். விரல் நகர்ந்து நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவள் கிசுகிசுத்தாள்.

"அக்கா... நாலு குறிக்கும் நட்டநடுவுல இருக்குது."

விருத்தாம்பாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவருக்குத் தெரியும். எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கிறார். தெரிந்துகொண்டேதான் மகள் வீட்டைச் சுற்றிக் கொடி நட்டு, தள்ளித்தள்ளி நடக்கப் பாதை போட்டிருக்கிறார். பெற்ற பெண் இருக்கிற ஊருக்குப் போய், அவள் தெருவை மிதிக்காமல் திரும்பி வருவதற்கு ஒரு மனுஷன் கலர் பென்சில் வாங்கித் திட்டம் போடுவானா? அவளுக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது.

அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. மத்தியானம் தெய்வசிகாமணி வந்து, தட்டு வைக்காத மேஜையைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள்.

"பவித்ரா வூடு இதுக்குள்ளதானங்க இருக்குது?"

நாலு வருஷம் கழித்து அந்தப் பேர் அந்த வீட்டில் கேட்டது. அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆமா."

"எப்பிடித் தெரியும்?"

"பெரியண்ணன் சொன்னான்."

"அவரு ஒங்ககிட்ட பேசினாரா?"

"எங்கிட்ட எங்கடி பேசுவான்? பேச வுடுவனா நானு? நான் ஷிஃப்ட் முடிஞ்சி வண்டி எடுக்க வர நேரமாப் பாத்து ஸ்டாண்டுல வந்து நிப்பான். பக்கத்துல இருக்கறவன்கிட்ட சொல்ற மாதிரி சத்தமா சொல்லிகினு இருப்பான். புள்ளைங்க வியன்னா போயிட்டாங்க, ராட்டினத்துக்குப் பக்கத்துல இன்ன தெருவுல வூடு. பொண்ணு பொறந்துருக்குது. மொதப் பல்லு மொளச்சிட்டுது. நான் வண்டி சாவியத் தேடற மாதிரி பாக்கெட்டத் தடவிகினு நிப்பேன். அவன் சொல்லி முடிக்கற வரைக்கும் சாவி கெடைக்காது. சில நாளு பக்கத்துல ஆளே இருக்கமாட்டான். அப்பவும் சொல்லுவான். வண்டிங்களுக்குச் சொல்லிகினு நிப்பான்."

அப்பாவும் திருடன், அம்மாவும் திருடி. ஒரே பெண்ணின் சேதியை ஒருத்தி பாவாடைக்குப் பின்னாலும் ஒருத்தர் சைக்கிள் ஸ்டாண்டிலும் தனித்தனியாகத் திருடித் தின்றுகொண்டு, ஒரே வீட்டில் ஊமையாக இருந்திருக்கிறார்கள். அதை நினைத்ததும் விருத்தாம்பாளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"தெரிஞ்சிகினே எதுக்குங்க அந்த ஊருக்குப் போறோம்? அவளப் பாக்காம வரதுக்கா?"

"பாக்க முடியாதுடி. ஊரக் கூட்டி மொட்ட போட்டுகினு சோறு போட்டவன் நானு. இப்ப அவ மூஞ்சில போயி முழிச்சா, அன்னைக்குப் பண்ணதுக்கு என்னா பேரு? உசுரோட இருந்தவளக் கொன்னேன்னுதான ஆவும்?" அவர் கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்து அந்த நாலு குறியையும் மூடினார். "அவ நடக்கற ஊருல அஞ்சு நாளு நானும் நடந்துட்டு வந்துட்டாப் போதும் எனக்கு. அதுக்கு மேல கேக்கற யோக்கியத இல்ல. அந்தக் கொடி அவளுக்கு நட்டது இல்ல விருத்தா. எனக்கு. நான் உள்ள போயிடுவனோன்னு பயந்துகினு நட்டது."

அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நாலு வருஷம் இப்படிப் பாவம் பார்த்துப் பார்த்துத்தான் பேத்திக்குப் பல் முளைத்ததைக்கூடக் போன் கண்ணாடியில் பார்க்க வேண்டியதாகிவிட்டது. இன்றைக்கு அவள் விடுவதாக இல்லை.

"அப்ப நீங்க மட்டும் போயிட்டு வாங்க. நான் வரல. எம் பொண்ணு தெருமொனை வரைக்கும் வந்துட்டு அவளப் பாக்காமத் திரும்பினா, அன்னைக்குத் தின்ன கருமாதிச் சோத்த நான் ரெண்டாவது வாட்டி தின்ன மாதிரி. ஒரு வாட்டி தின்னதே இன்னும் செரிக்கல."

அந்தப் பந்தியில் அவளுக்கு இலை போட்டவர் அவர்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சில்லை. கட்டிய பெட்டி ஒரு மூலையில் நின்றது. செவ்வாய்க்கிழமை வந்ததும், அளவு கொடுக்கப் போகிறேன் என்கிற பொய்கூடச் சொல்லாமல் விருத்தாம்பாள் தையல் கடைக்குப் போனாள். போனில் மகள் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கொட்டினாள். கொடி, பெரியண்ணன், வண்டி ஸ்டாண்டு, தான் வரப்போவதில்லை, எல்லாம்.

பவித்ரா கேட்டாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா? நெலாவுக்குப் பல்லு மொளச்சதுகூடவா?"

"தெரியும் கண்ணு."

அந்தப் பெண் அழுத அழுகையைச் சின்னம்மாளால் பார்க்க முடியவில்லை. மெஷினை வெறுமனே மிதித்துக்கொண்டிருந்தாள். கருமாதி செய்தார்கள் என்று கேட்டபோதுகூட பவித்ரா இப்படி அழவில்லை. அழுது ஓய்ந்த பிறகு சொன்னாள்.

"வாம்மா. வராம இருந்துடாத. பாக்க முடியலன்னாலும் பரவால்ல. அஞ்சு நாளும் நான் ராட்டினத்துகிட்ட நிக்கறேன். ஒருவேள அவரு வழி தவறி வந்துட்டா?"

வழி தவறுகிற மனுஷனா அவர்? கோடு போட்டால் கோட்டிலேயே நடக்கிறவர். விருத்தாம்பாள் அதை மகளிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? வெறும் கையோடு, வெயிலில் வீட்டைப் பார்த்து நடந்தாள். இத்தனை நாள் பிடித்துவைத்திருந்த நம்பிக்கை எல்லாம் அந்தத் தார் ரோட்டிலேயே உருகி ஒட்டிக்கொண்டதுபோல, கால் எழும்பவே இல்லை.

வீட்டில் தெய்வசிகாமணி மேஜைமுன் குனிந்து உட்கார்ந்திருந்தார். மேஜைக் கண்ணாடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார். மேஜைமேல் ரப்பர்த் தூள் சிதறிக்கிடந்தது. அதை ஊதக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அவள் எட்டிப் பார்த்தாள். மூன்று கொடிதான் இருந்தது.

எந்தப் பக்கத்துக் கொடி போயிருக்கிறது என்று பார்த்தாள். ராட்டினத்துப் பக்கத்துக் கொடி. அழித்த இடத்தில் தாள் தேய்ந்து, ஓட்டையாகப் போகிற மாதிரி இருந்தது. ஒரு தடவையில் அழித்தது இல்லை. அழித்து, மறுபடி போட்டு, மறுபடி அழித்திருக்கிறார்.

"நாலாவது நாளு ஏ ஷிஃப்ட்" என்றார் அவர், நிமிராமல். "மொதல்ல நான் மட்டுந்தான் உள்ள போவேன். நீ ராட்டினத்துகிட்டயே நில்லு. நான் போயிப் பாத்துட்டு, கையக் காட்டினா வா."

வேலை செய்த காலமெல்லாம் அவர் செய்தது இதுதான். வெடிக்காத மருந்து எங்கே தங்கியிருக்கிறது என்று தெரியாமல் முதல் காலை எடுத்து வைப்பது. அப்போதெல்லாம் பயந்ததே இல்லை என்று பெருமையடிப்பார். இப்போது பென்சிலை இறுகப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தார்.

"நீங்க கையக் காட்டலன்னா?"

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது மேலே எழும்புமா எழும்பாதா என்று அவருக்கே தெரியவில்லை என்பது விருத்தாம்பாளுக்குத் தெரிந்தது. மகளையும் பேத்தியையும் அவள் தொடுவதும் தொடாமல் திரும்புவதும் அந்தக் கையில் இருக்கிறது.

ரப்பர்த் தூளை அவள் புறங்கையால் தள்ளிவிட்டாள்.

"காட்டலன்னாலும் நான் வருவேங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு பென்சிலைக் கீழே வைத்தார்.